பஞ்சு தூக்கிக்கொண்டு குதித்தது யாரை?

பஞ்சுவின் முகத்தை நீங்கள் எந்தப் படத்திலும் பார்த்திருக்க முடியாது. முதுகைப் பார்த்திருப்பீர்கள். கதாநாயகன் ஓடுகிற லாரியிலிருந்து உருளும்போதும், கண்ணாடி ஜன்னலை உடைத்துக்கொண்டு வெளியே பாயும்போதும், பற்றி எரிகிற கட்டடத்தின் மேலிருந்து குதிக்கும்போதும் திரையில் தெரிந்த அந்த அகன்ற முதுகு அவருடையதுதான். டூப் போடுவது அவர் தொழில். எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தாலும் சத்தம் வராது என்பதால் சண்டை மாஸ்டர் வைத்த பெயர் பஞ்சு. பெற்றவர்கள் வைத்த பெயரும் ஒன்று உண்டு. அதை மருத்துவமனைச் சீட்டில் எழுதுவதற்கு மட்டும் பயன்படுத்தினார்.

இந்தத் தொழிலுக்கு அவர் வந்ததே ஒரு கூத்து. அட்டைப்பெட்டிக் கிடங்கில் சுமை இறக்கும் வேலையில் இருந்தார். உயரத்திலிருந்து குதிப்பவர்களுக்குக் கீழே காலி அட்டைப்பெட்டிகளைத்தான் அடுக்கி வைப்பார்கள். ஆள் விழுந்ததும் பெட்டிகள் நொறுங்கி, எலும்பு தப்பிக்கும். அப்படி ஒரு படப்பிடிப்புக்குப் பெட்டி இறக்கப் போனார். குதிக்க வேண்டியவன் மேலே போய்க் கீழே பார்த்துவிட்டு, வயிற்று வலி என்று படி வழியாக இறங்கி வந்துவிட்டான். 'நம்ம பெட்டிதானே, எனக்குத் தெரியாதா' என்று பஞ்சு மேலே ஏறினார். அதற்குப் பிறகு முப்பது வருடம் இறங்கவே இல்லை. அதாவது படி வழியாக இறங்கவில்லை.

அந்தக் காலத்தில் ஓர் இயக்குநர் கொடிகட்டிப் பறந்தார். எத்தனை படம் எடுத்தாலும் அவரிடம் இருந்தது ஒரே சங்கதிதான். வருங்காலம். அதில் ஒரு கம்பெனி. அந்தக் கம்பெனி நடக்காததையெல்லாம் நடந்ததாக மனிதர்களின் தலைக்குள் ஏற்றிவிடும். கதாநாயகன் ஒரு நாள் காலையில் எழுந்து பார்த்தால், இந்த மனைவி நிஜமா, இந்த வீடு நிஜமா, நான் நிஜமா என்று ஒன்றும் புரியாது. புரியாதவன் உட்கார்ந்து யோசிக்க வேண்டியதுதானே? யோசிக்க மாட்டான். ஓடுவான், உடைப்பான், குதிப்பான். "தான் யாருன்னு தெரியாமக் குழம்பறது ஹீரோ, எலும்பு முறியறது நான்" என்பார் பஞ்சு. ஆனாலும் அந்த இயக்குநரின் புண்ணியத்தில்தான் அவர் வீட்டில் அடுப்பு எரிந்தது.

அவற்றில் மிக அதிகம் ஓடிய படத்தில், கதாநாயகனுக்கு ஒரு சின்னப் பெண் குழந்தை இருப்பதாக ஞாபகம். ஊரே சேர்ந்து, அப்படி ஒரு குழந்தையே கிடையாது, அது கம்பெனி ஏற்றிவிட்டது என்று சாதிக்கிறது. கடைசியில் எரிகிற கட்டடத்தில் அவளைக் கண்டுபிடித்து, மார்போடு அணைத்துக்கொண்டு மொட்டை மாடியிலிருந்து குதிக்கிறான். கீழே வந்து சேரும் முன் படம் முடிந்துவிடும். குழந்தை நிஜமா, இல்லையா? தியேட்டரை விட்டு வெளியே வந்தவர்கள் இதற்காகச் சட்டையைப் பிடித்துக்கொண்டு சண்டை போட்டார்கள். அக்கம்பக்கத்தார் பஞ்சுவிடமே வந்து கேட்பார்கள். "எனக்கெப்படிங்க தெரியும்? என் முதுகுக்குத்தான் அங்க வேலை. மூளைக்கு வேற ஆள் இருந்தாங்க" என்று சொல்லிச் சிரிப்பார்.

அப்போது சிரித்ததற்கெல்லாம் சேர்த்து வைத்துப் பின்னால் அழ வேண்டி வந்தது.

பஞ்சுவுக்கு இப்போது அறுபத்தைந்து வயது. இடது முழங்கால் மடங்காது. மனைவி போய்ச் சில வருடங்கள் ஆயிற்று. ஒரே மகள் இரண்டு தெரு தள்ளி ஒரு மூன்றாம் மாடி வீட்டில் இருக்கிறாள். வீட்டில் அவளைக் கூப்பிடுவது பாப்பா என்று. பாப்பாவுக்கே முப்பத்து நான்கு வயது. மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸை ஃபிரேமுக்குத் தகுந்தபடி தேய்த்துப் பொருத்துகிறாள். கை கொஞ்சம் தவறினாலும் லென்ஸ் வீணாகிவிடுகிற வேலை. அவளுக்கு எட்டு மாதத்தில் ஒரு பெண் குழந்தை. விடுப்பு முடிந்து அடுத்த திங்கட்கிழமை வேலைக்குத் திரும்ப வேண்டும்.

பகலில் குழந்தையை யார் பார்த்துக்கொள்வது என்று பஞ்சு யோசிக்கக்கூட இல்லை. அதற்கெல்லாம் யோசனை எதற்கு? தாத்தா ஒருவர் சும்மா உட்கார்ந்திருக்கிறாரே. தன் வீட்டில் கூர் முனை உள்ள மேசையைத் தூக்கிப் பரணில் போட்டார். பிளக் பாயின்ட் ஓட்டைகளுக்கு டேப் ஒட்டினார். வழுக்காத ரப்பர் பாய் வாங்கி விரித்து, அதன் மேல் தானே விழுந்து பார்த்தார். பழக்க தோஷம். எல்லாம் தயார் செய்துவிட்டு மகள் வந்து கேட்பாள் என்று காத்திருந்தார். அவள் கேட்கவில்லை. கீழ் வீட்டு அம்மாவிடம் பேசி முடித்துவிட்டாள் என்று மருமகன் வாயிலிருந்துதான் தெரிந்தது.

மருமகன் நல்லவர். நல்லவர்களிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. கேட்கக் கூடாததைக் கேட்கக் கூடாத இடத்தில் கேட்டு வைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை மகள் வீட்டில் மூவரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "மாமா வீட்ல சும்மாதானே இருக்காரு, அவரு பாத்துக்க மாட்டாரா? எதுக்கு வெளி ஆளு?" என்றார்.

பாப்பா தட்டில் இருந்த சோற்றை ஓர் ஓரமாக ஒதுக்கினாள்.

"என்னம்மா, அப்பாவுக்கு முட்டி சரியில்லைன்னு யோசிக்கறியா?" என்றார் பஞ்சு. "ஒரு காலு போனா என்ன, இன்னொண்ணு இருக்கே."

"முட்டி இல்லப்பா."

"அப்புறம்?"

"விடுங்களேன்."

"இல்ல, சொல்லு."

அவள் கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள். கோபமாகப் பேசியிருந்தால் பஞ்சுவும் பதிலுக்குக் கத்தியிருப்பார். அவள் ரொம்ப நிதானமாகப் பேசினாள். "எனக்கு நாலு வயசு இருக்கறப்ப என்னைத் தூக்கிட்டு மொட்டை மாடியிலருந்து குதிச்சீங்க. ஒரு படத்துக்காக. உங்களுக்குப் பயமே கிடையாதுப்பா. பயமில்லாதவங்க கையில என் குழந்தையைக் குடுக்க மாட்டேன்."

பஞ்சுவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஐயோ, அது படம்டா. அந்தக் குழந்தை பொம்மை!"

"பொம்மை இல்ல. நான். எனக்குத் தெரியும்."

"நாலு வயசுல என்ன தெரியும்?"

"எல்லாம் தெரியும். காத்து காதுல இரைஞ்சுது. ரப்பர் எரியற நாத்தம். உங்க சட்டைப் பட்டன் என் கன்னத்துல அழுத்திட்டே இருந்துச்சு. நான் மஞ்சள் கவுன் போட்டிருந்தேன், பக்கவாட்டுல ஒரு பை வச்சது. படத்துல பாருங்க, அதே கவுன். பொம்மைக்கு ஏதுப்பா என் கவுன்?"

மருமகன் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு மாமனாரைப் பார்த்தார். அதுவரை அவருக்கு மாமனார் என்றால் ஒரு வீர தீரப் பெருமை. அந்தப் பார்வையில் இப்போது வேறு ஏதோ கலந்துவிட்டது. பஞ்சு வாயைத் திறந்தார். கவுனுக்கு என்ன பதில்? எழுந்து வீட்டுக்குப் போனார்.

வீட்டுக்குப் போனதும் முதலில் வந்தது கோபம். இத்தனை வருடம் என்னைப் பற்றி இப்படி ஒன்றை மனதில் வைத்துக்கொண்டா இவள் எனக்கு மாத்திரை வாங்கி வந்து கொடுத்தாள் என்று கோபம். கைப்பேசியில் அந்தப் படத்தைத் தேடி எடுத்து, கடைசிக் காட்சியைப் போட்டுப் பார்த்தார். நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். தெரிந்தது அவருடைய முதுகு. முதுகுக்கு இரண்டு பக்கமும் ஆடுகிற இரண்டு சின்னக் கால்கள். காற்றில் உப்பிய மஞ்சள் துணி. அந்தத் துணியில் ஒரு பை தெரிந்தது.

பிறகு வந்ததுதான் பயம். தொழிலில் இரண்டு தடவை தலையில் அடிபட்டிருக்கிறார். ஒரு தடவை கண் விழித்தபோது எதிரே நின்ற மனைவியை, "நீங்க யாருங்க?" என்று மரியாதையாகக் கேட்டிருக்கிறார். சில இடங்கள் விட்டுப் போயிருக்கலாம் என்று டாக்டரே சொன்னது உண்டு. அப்படி விட்டுப்போன இடத்தில் இது இருந்தால்? பாப்பா சொல்வது நடந்திருந்தால்?

நினைத்துப் பார்க்கப் பார்க்க நிலைமை மோசமாயிற்று. முதல் நாள் நினைத்தபோது மார்பில் அணைத்திருந்தது கெட்டியான பொம்மைதான். மறுநாள் அதன் உடம்பு கொஞ்சம் மெத்தென்று ஆகியிருந்தது. அதற்கு மறுநாள் சூடு வந்துவிட்டது. புதன்கிழமை காலையில் பல் துலக்கிக்கொண்டு நிற்கும்போது, குதிக்கும் முன் அந்தப் பொம்மை தலையை நிமிர்த்தி, "அப்பா" என்றது. பஞ்சு பிரஷ்ஷைக் கீழே போட்டுவிட்டார். எந்தக் கம்பெனியும் வேண்டாம். நம் தலைக்குள் நடக்காததை ஏற்றுவதற்கு நம்மைப் பெற்றெடுத்தவர்களும் நாம் பெற்றெடுத்தவர்களும் போதும்.

யாரையாவது கேட்க வேண்டும். மாஸ்டர் உயிரோடு இல்லை. இயக்குநர் இருக்கிறார், ஆனால் எது நிஜம் என்று அவரிடம் போய்க் கேட்டால், அதையே வைத்து இன்னொரு படம் எடுத்துவிடுவார். மிச்சம் இருப்பது ஒரே ஆள்தான், நங்கூரம்.

நங்கூரம் என்பவர் பஞ்சுவின் கயிற்றைப் பிடித்தவர். குதிக்கிறவரின் சட்டைக்குள் இடுப்பில் ஒரு பட்டை, பட்டையில் ஒரு கயிறு, கயிற்றின் மறுமுனை ஒரு கப்பி வழியாகக் கீழே நிற்கும் ஆட்களின் கையில் இருக்கும். பெட்டிகள் மேல் விழுவதற்குச் சற்று முன் அவர்கள் பிடித்து வேகத்தைக் குறைப்பார்கள். நங்கூரம் ஒரு தடவைகூடப் பிடியை விட்டதில்லை. இப்போது உயரமான கட்டடங்களின் வெளிக் கண்ணாடியைத் துடைக்கும் வேலையை எடுத்து நடத்துகிறார். பஞ்சு போனபோது ஓர் அலுவலகக் கட்டடத்தின் மொட்டை மாடியில், கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்திருந்தார். கயிறுகள் இரும்புத் தூணில் கட்டப்பட்டிருந்தன. கீழே ஆட்கள் தொங்கிக்கொண்டு சோப்பு நீரை வழித்துக்கொண்டிருந்தார்கள். கட்டியிருந்தும் ஒரு கயிற்றின் மேல் அவர் கை இருந்தது.

"என்னடா, மறுபடியும் குதிக்க வந்தியா?" என்றார் நங்கூரம்.

பஞ்சு சிரிக்கவில்லை. உட்காரவும் இல்லை. "அந்தக் குழந்தைப் படத்துல, கடைசியில தீப்பிடிச்ச கட்டடத்துலருந்து நான் யாரைத் தூக்கிட்டுக் குதிச்சேன்?"

"என்னடா கேள்வி இது?"

"சொல்லேன்."

"பொம்மையை."

"உனக்கு நல்லா ஞாபகம் இருக்கா?"

"அதுக்குள்ள மணல் பையை வச்சுத் தைச்சதே நான்தான்டா. வெறும் பஞ்சா இருந்தா காலு ஆடலைன்னு மாஸ்டர் திட்டினாரு. எடை தெரிஞ்சாத்தானே நான் கயிறு பிடிக்க முடியும்?" நங்கூரம் நண்பனின் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்தார். "யாரு என்ன சொன்னாங்க?"

பஞ்சு எல்லாவற்றையும் சொன்னார். கவுனைப் பற்றிச் சொன்னதும் நங்கூரம் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"அட, ஆமாம்! கவுன் உன் பொண்ணோடதுதான். பொம்மைக்குன்னு தைச்சு வச்சிருந்த கவுன் காலையில ஒத்திகையில தீப்பிடிச்சுப் பொசுங்கிப் போச்சு. காஸ்ட்யூம்காரன் தலையில கை வச்சு உக்காந்துட்டான். அன்னிக்குன்னு பாத்து உன் வீட்டம்மா குழந்தையைக் கூட்டிட்டு ஷூட்டிங் பாக்க வந்திருந்தாங்க. அதுவும் மஞ்சள் கவுன். தூரத்து ஷாட்தானே, மஞ்சளா இருந்தாப் போதும்னு அவன் கெஞ்சிக் கேட்டு வாங்கிட்டுப் போனான். நீ அப்ப மேல நின்னுட்டிருந்த. உனக்கெங்க தெரியும்?"

"பாப்பா எங்க இருந்தா?"

"என் பக்கத்துல. உன் வீட்டம்மா சால்வையைச் சுத்தி விட்டிருந்தாங்க. அந்தப் பெரிய காத்தாடி இருக்கே, தீயைக் கிளப்ப வைப்பாங்களே, அதுக்கு நேரா நின்னுட்டிருந்துச்சு. நீ குதிச்சதும் ஒரு கத்து கத்துச்சு பாரு, எனக்குக் கயிறே நழுவப் பாத்துச்சு, இழுத்துப் பிடிச்சேன். 'நான் விழறேன், நான் விழறேன்'னு கத்திச்சு. அது கவுனைத்தானே பாத்துச்சு? மேலருந்து விழறது தான்தான்னு நெனச்சிடுச்சு."

பஞ்சு தரையில் உட்கார்ந்துவிட்டார். நான்கு நாளாக மார்பின் மேல் கிடந்து சூடேறிய எடை இறங்கி மணலும் துணியுமாகப் போயிற்று. அழுகை வரும் போல இருந்தது, அழவும் செய்தார். கீழே தொங்கிக்கொண்டிருந்த ஒருவன் என்ன ஆச்சு என்று மேலே பார்த்தான்.

"பட்டன் கன்னத்துல அழுத்திச்சுன்னு சொல்றாளே?" என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"அது எனக்குத் தெரியாதுடா. அது அவளாச் சேத்துக்கிட்டதா இருக்கும்."

இதை அப்படியே பாப்பாவுக்குச் சொல் என்று பஞ்சு கைப்பேசியை நீட்டினார். நங்கூரம் தொண்டையைச் செருமிக்கொண்டு, மேடையில் பேசுகிறவர் போல நிமிர்ந்து நின்று, மணல் பையிலிருந்து சால்வை வரை ஒன்று விடாமல் பதிவு செய்து கொடுத்தார். பஞ்சு அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீடு திரும்பினார். வழியில் இரண்டு தடவை காதில் வைத்துக் கேட்டுக்கொண்டார். கேஸ் ஜெயித்துவிட்ட தெம்பு.

சனிக்கிழமை மத்தியானம் மகள் வீட்டுக்குப் போனார். மருமகன் வெளியே போயிருந்தார். குழந்தை கூடத்தில் பாய் மேல் தூங்கிக்கொண்டிருந்தது. பாப்பா தரையில் உட்கார்ந்து துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். பஞ்சு கைப்பேசியை அவள் முன்னால் வைத்துப் பதிவை ஓடவிட்டார்.

நங்கூரத்தின் குரல் கூடத்தில் கேட்டது. மணல் பை. பொசுங்கிய கவுன். காத்தாடி. "நீ 'நான் விழறேன்'னு கத்தினம்மா. உங்கம்மா உன்னைத் தூக்கிச் சமாதானம் பண்ணினாங்க, நீ அடங்கலை. உங்கப்பா இன்னொரு தடவை எடுக்கணும்னு மறுபடி மேல ஏறப் போயிட்டாரு. உங்கம்மா உன்னைத் தூக்கிட்டு வீட்டுக்குப் போயிட்டாங்க. அவ்வளவுதாம்மா நடந்தது. உங்கப்பா மேல தப்பே இல்ல."

பதிவு முடிந்தது. "பாத்தியா?" என்றார் பஞ்சு. "நான் சொன்னேன்ல? பொம்மை!"

பாப்பா மடித்த சட்டையை மறுபடியும் பிரித்தாள். மறுபடியும் மடித்தாள். அவள் முகத்தில் ஒரு நிம்மதி வரும் என்று அவர் எதிர்பார்த்துக்கொண்டிருந்தார். அது வரவில்லை.

"அப்போ அந்தக் கை?" என்றாள்.

"எந்தக் கை?"

"என்னைப் பிடிச்சிருந்த கை. ஒண்ணு முதுகுல, ஒண்ணு பின்னந்தலையில. அவ்வளவு இறுக்கிப் பிடிச்சிருந்தீங்கப்பா. கீழ போய்ச் சேர்ற வரைக்கும் விடவே இல்ல. எனக்கு உயிரே போற பயம்தான். ஆனா அந்தப் பிடி இருந்துச்சு. உங்க மேல கோபம் வர்றப்பல்லாம் அதையும் நெனச்சுக்குவேன். நீங்க என்னைத் தூக்கினதா எனக்கு ஞாபகம் இருக்கறது அது ஒண்ணுதான்." கையிலிருந்த சட்டையைக் கீழே வைத்தாள். "அதுவும் பொம்மைதானா?"

பஞ்சுவுக்கு அந்தப் பிடி நன்றாகத் தெரியும். ஒரு வாரம் பழகிய பிடி அது. பெத்த பிள்ளையைப் பிடிக்கிற மாதிரி பிடிடா என்று மாஸ்டர் கத்துவார்; அவர் பொம்மையின் பின்னந்தலையில் கை வைத்து, முகத்தைத் தன் மார்பில் பதித்துக்கொண்டு, திரும்பத் திரும்பப் பழகினார். எல்லாரும் பாராட்டினார்கள்.

"வேற எப்பவாவது தூக்கியிருக்கீங்களா?" என்று பாப்பா கேட்டாள். குற்றம் சாட்டுகிற கேள்வி இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

அவர் தேடினார். காலையில் அவள் எழுவதற்கு முன் கிளம்பிப் போவார். திரும்பி வந்தால் உடம்பில் எங்காவது கட்டு. அவள் ஓடி வந்தால் மனைவி நடுவில் புகுந்து தடுப்பாள்: அப்பா மேல ஏறாத, அப்பாவுக்கு வலிக்கும். விலா எலும்பு, தோள், மறுபடி விலா எலும்பு. ஏதாவது ஒன்று ஆறிக்கொண்டே இருந்தது. பிறகு அவள் ஓடி வருவதை நிறுத்திவிட்டாள்; வாசலில் நின்று, "வந்துட்டீங்களாப்பா?" என்று கேட்பதோடு சரி. நல்ல பிள்ளை, சொன்னால் கேட்டுக்கொள்கிறாள் என்று அவரும் பெருமைப்பட்டிருக்கிறார். கதாநாயகிகளைத் தூக்கியிருக்கிறார். குழந்தை நட்சத்திரங்களைத் தூக்கியிருக்கிறார். மயக்கம் போட்ட தயாரிப்பாளர் ஒருவரைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடியிருக்கிறார். இவள்?

ஒரு பொய் சொல்லியிருக்கலாம். கடற்கரையில் உன்னைத் தோள்மேல் உட்கார வைத்துக்கொண்டு நடந்தேனே என்று ஒன்றை எடுத்துவிட்டால் யார் மறுக்கப் போகிறார்கள்? பார்த்தவள் உயிரோடு இல்லை. இன்னும் கொஞ்ச நாளில் பாப்பாவுக்கு அந்தக் கடலின் உப்புக்காற்றுகூட ஞாபகம் வந்துவிடும். எப்படி வரும் என்று இந்த ஒரு வாரத்தில் அவரே பார்த்துவிட்டார். ஆனால் அந்தக் கம்பெனி வேலையைத் தன் மகளிடம் செய்ய அவருக்கு மனம் வரவில்லை.

"தூக்காம இருந்திருப்பேனாம்மா? தூக்கியிருப்பேன்" என்றார். "ஆனா எனக்கு ஒண்ணுகூட ஞாபகம் வரலை. தேடித்தான் பாக்கறேன். வரலை."

பாப்பா தலையை ஆட்டினாள். கண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது, துடைக்கவில்லை. நிரபராதி என்று நிரூபிக்க வந்த பஞ்சுவுக்குத் தன் கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. குதித்திருந்தாலே தேவலை என்று ஒரு கணம் நினைத்தார். அவளைத் தூக்கிக்கொண்டு, உண்மையாகவே. அந்த நினைப்பு வந்ததற்காக வெட்கப்பட்டார்.

இந்த நேரத்தில் குழந்தை விழித்துக்கொண்டது. அழவில்லை. புரண்டு படுத்து, இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. பாப்பா முழங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அதைத் தூக்கினாள். அதன் பின்னந்தலையை ஒரு தடவை தடவிக் கொடுத்தாள். பிறகு குனிந்து, தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த அப்பாவின் மடியில் வைத்தாள்.

பஞ்சுவின் கைகள் தாமாகவே அந்தப் பிடிக்குப் போயின. ஒன்று முதுகில், ஒன்று பின்னந்தலையில். குழந்தைக்கு அது பிடிக்கவில்லை. முதுகை வில்லாக வளைத்துப் பின்னால் சாய்ந்தது. இரண்டு காலாலும் அவர் வயிற்றில் உதைத்தது. ஒரு கையை விடுவித்து அவர் காதைப் பிடித்து இழுத்தது. அவர் பழகிய எதுவும் இப்படி அசைந்ததில்லை. இறுக்கினால் எங்கே வலிக்குமோ, தளர்த்தினால் எங்கே நழுவுமோ! அவருக்கு நெற்றி வியர்த்துவிட்டது.

"பாப்பா, பிடிம்மா! கொஞ்சம் பிடிச்சுக்க! விழுந்துடப் போறா!"

அவர் மடிக்கும் பாய்க்கும் நடுவில் ஒரு சாண் உயரம்கூட இல்லை. பாப்பா குழந்தையை வாங்கிக்கொள்ளவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அந்தக் கைகளைப் பார்த்தாள்.

"பயமா இருக்காப்பா?"

"இருக்கும்மா. ரொம்பப் பயமா இருக்கு."

அவள் துணிகளைத் தன் பக்கம் இழுத்து, விட்ட இடத்திலிருந்து மடிக்க ஆரம்பித்தாள்.

"திங்கக்கிழமை எட்டு மணிக்கெல்லாம் வந்துடுங்க" என்றாள். "எனக்கு எட்டரைக்கு பஸ்."